முதுமையின் பூட்டுகள்



என் தாயாருக்கு வயது 74. பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இன்று என்னோடு இருக்கிறார். காலையில் பசியாறியதும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, அன்றைக்குரிய மாத்திரைகளை மேசைமேல் வரிசையாக வைப்பார். இனிப்பு நீருக்கு இரண்டு, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று. கொழுப்புக்கு உள்ளது இரவு வரை காத்திருக்கும். ஒரு நாள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, நீ வாத்தியார்தானே, ஒன்னு சொல்லு. இந்தச் சீக்கெல்லாம் வயசானதாலதான் வருதுன்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு சீக்குக்கும் ஒரு மாத்திரை? அந்த வயசுக்கே ஒரு மாத்திரை குடுத்துட்டா ஆகாதா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால், நேயர்களே, அது சிரிக்க வேண்டிய கேள்வியன்று. உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களில் இன்று கேட்கப்படுவதும் அதே கேள்விதான். அம்மா அப்படிக் கேட்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. அதை இறுதியில் சொல்கிறேன். முதலில் கேள்விக்கு விடை தேடுவோம்.

நீரிழிவு, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மூட்டுத் தேய்வு, மறதி நோய் ஆகிய இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஆயினும் இவை அனைத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற இவை வரும் வாய்ப்பும் ஏறுகிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். ஆகவே இது எங்கோ யாருக்கோ உரிய செய்தி அல்ல. நம் வீட்டு மேசைமேல் இருக்கும் செய்தி.

மருந்து என்பது உடலுக்குள் சென்று என்ன செய்கிறது? வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை விளக்கப் பள்ளிக் காவலாளியின் சாவிக்கொத்தை வாங்கி வருவேன். ஒவ்வொரு சாவியும் ஒரு பூட்டுக்குத்தான் பொருந்தும். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர் 1894ஆம் ஆண்டிலேயே இந்தப் பூட்டு-சாவி உவமையைக் கூறினார். நம் உடல் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் பல்லாயிரம் வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. சில பொருள்களைத் தயாரிக்கின்றன. சில செய்தி கொண்டுபோகின்றன. சில குப்பை அள்ளுகின்றன. இவற்றில் ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இடுக்கில் பொருந்தி, அதன் வேலையைக் குறைக்கவோ கூட்டவோ செய்வதுதான் மருந்து மூலக்கூறு. அந்தப் புரதத்தை மருந்தின் 'இலக்கு' என்கிறார்கள். சரியான இலக்கைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

இப்படி ஏற்கனவே திறக்கப்பட்ட ஒரு பூட்டை முதலில் பார்ப்போம். அது அம்மாவின் இரவு மாத்திரை.

இரத்தக் கொழுப்பில் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலிருந்து நேராக வருவதன்று. உடலே அதைத் தயாரிக்கிறது. ஈரலில் அதற்கென ஒரு நொதி உண்டு. எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் என்பது அதன் பெயர். பெயர் நீளமாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். கொழுப்புத் தொழிற்சாலையின் முதன்மை வால்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, இந்த வால்வை அடைக்கும் பொருள் பூஞ்சைகளில் இருக்கலாம் என்று எண்ணி, ஏறக்குறைய 6,000 வகைப் பூஞ்சைகளைச் சோதித்தார். கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த பச்சை நீலப் பூஞ்சையில் 1973ஆம் ஆண்டு அது கிடைத்தது. ஸ்டாட்டின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூதாதை அதுதான்.

வால்வை அடைத்ததும் ஈரல் என்ன செய்கிறது? தனக்கு வேண்டிய கொழுப்புக்காக இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரத்தம் சுத்தமாகிறது. இந்த இழுப்பு எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்கான்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. ஸ்டாட்டின் உண்டவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு புரதத்தைக் குறிவைத்துப் பல உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அகிரா எண்டோ 2024ஆம் ஆண்டு தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். அவர் பெயரை அறியாமலே கோடிக்கணக்கானோர் ஒவ்வோர் இரவும் அவருடைய கண்டுபிடிப்பை விழுங்கிவிட்டு உறங்குகிறார்கள்.

ஆனால் ஸ்டாட்டின் ஒரு நோய்க்கு உரிய சாவி. அம்மா கேட்டது, பல நோய்களுக்கும் வேராக இருக்கும் முதுமைக்கான சாவி. அப்படி ஒரு பூட்டு உண்டா?

அதைத் தேடி நாம் பசிபிக் மாக்கடலின் நடுவே போக வேண்டும். ஈஸ்டர் தீவு என்று ஒரு தீவு. பெரிய பெரிய கற்சிலைகள் நிற்கும் தீவு. அங்குள்ள மக்கள் அதை ராப்பா நூயி என்பார்கள். அங்கே விமான நிலையம் கட்டும் திட்டம் வந்தது. வெளியுலகத் தொடர்பு பெருகுவதற்கு முன் அந்த மக்களின் உடல்நிலையை ஆராய வேண்டுமென்று 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலேறியது. அக்குழுவில் ஜார்ஜஸ் நோக்ராடி என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் இருந்தார். அத்தீவு மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். குதிரைகளும் நிறைய உள்ளன. இருந்தும் இழுப்பு நோயாகிய டெட்டனஸ் ஏன் அவர்களைப் பற்றவில்லை என்பது அவருக்கு எழுந்த ஐயம். தீவை 67 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண் எடுத்து வந்தார்.

அந்த மண் பிறகு மாண்ட்ரியல் நகரத்து மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போயிற்று. மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், பூஞ்சையை அடக்கும் புதிய பொருளைச் சுரப்பதை 1972இல் கண்டார்கள். தீவின் பெயரால் அதற்கு ராபாமைசின் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களுள் முக்கியமானவர் சுரேன் சேகல். 1932ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானாக உள்ள பகுதியில் பிறந்தவர். அவருக்கு அந்தப் பொருள்மீது பெரும் நம்பிக்கை. ஆனால் 1980களின் தொடக்கத்தில் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. ராபாமைசின் வேலையும் நின்றது. சேகல் என்ன செய்தார் தெரியுமா? கடைசியாக ஒரு தொகுதியைத் தயாரித்து, வீட்டுக்குக் கொண்டுபோய், குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் உண்ணும் பொருள்களுக்கு நடுவே, 'இதைச் சாப்பிட வேண்டாம்' என்று எழுதி வைத்துவிட்டார். சில ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. நிறுவனம் கைமாறி, புதிய நிர்வாகம் வந்த பிறகு அவர் மீண்டும் அனுமதி பெற்று ஆய்வைத் தொடர்ந்தார். 1999ஆம் ஆண்டு, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் தடுக்கும் மருந்தாக அமெரிக்காவில் ராபாமைசினுக்கு அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்பே, இந்த மருந்து எந்தப் பூட்டில் பொருந்துகிறது என்று வேறு சிலர் தேடத் தொடங்கியிருந்தனர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசஃப் ஹைட்மன், ராவ் மொவ்வா, மைக்கேல் ஹால் ஆகிய மூவரும் ரொட்டி உப்ப வைக்கும் ஈஸ்டில் அந்தப் புரதத்துக்குரிய மரபணுக்களை 1991இல் கண்டுபிடித்தனர். 'ராபாமைசினின் இலக்கு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'டார்' என்று பெயர். சில ஆண்டுகளில் மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளிடமும் அது இருப்பது தெரிந்தது. அதை 'எம்-டார்' என்கிறார்கள்.

இந்த எம்-டார் என்ன செய்கிறது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும்படி சொல்கிறேன். உயிரணு என்னும் தோட்டத்தில் எம்-டார் ஒரு மண்டோர். சரக்கு வந்திருக்கிறதா, சீனிச்சத்து இருக்கிறதா, புரதச்சத்து இருக்கிறதா, இன்சுலின் உத்தரவு கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் இருந்தால், "கட்டுங்கள், வளருங்கள், பெருகுங்கள்" என்று கட்டளையிடுவார். பற்றாக்குறை என்றால் கட்டுமானத்தை நிறுத்தி, பழுது பார்க்கவும் குப்பை அள்ளவும் ஆட்களை விடுவார். பழுதடைந்த புரதங்களை உயிரணு தானே விழுங்கிச் செரித்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் இந்தத் துப்புரவுப் பணி எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்டில் ஆராய்ந்து விளக்கிய ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

குழந்தைப் பருவத்தில் வளர்ச்சி வேண்டும். எம்-டார் ஓயாமல் உழைப்பது நல்லது. நடுவயதுக்குப் பிறகும் அதே வேகத்தில் கட்டளை போய்க்கொண்டிருந்தால்? பழுது பார்க்க நேரமில்லை, குப்பை சேர்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதன்று. நாள்தோறும் ஓய்வின்றி வெட்டிய மரம் பால் வற்றிப்போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டிய மரம் பட்டை கட்டி நீண்ட நாள் பால் கொடுக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கா இவ்வளவு படிச்சாங்க? எங்க கண்டக்டரைக் கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு" என்றார்.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். அமெரிக்காவில் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஒரே நேரத்தில் எலிகளுக்கு ராபாமைசின் கொடுத்துப் பார்த்தன. இளம் வயதிலேயே கொடுக்கத் திட்டம். ஆனால் மருந்து தீவனத்தில் கெட்டுப்போயிற்று. கெடாமல் கலக்கும் முறையைக் கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய அறுபது வயது. இனி என்ன பயன் என்று விட்டுவிடாமல் கொடுத்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. பத்தில் ஒன்பது எலிகள் இறக்கும் வயதைக் கணக்கிட்டபோது, பெண் எலிகளுக்கு 14 விழுக்காடும் ஆண் எலிகளுக்கு 9 விழுக்காடும் ஆயுள் கூடியிருந்தது. முதுமை தொடங்கிய பிறகு கொடுத்த மருந்தும் பாலூட்டி ஒன்றின் ஆயுளை நீட்டும் என்று அந்தச் சோதனை காட்டியது. உலகெங்கும் அறிவியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் கடைக்குப் போய் ராபாமைசின் வாங்கலாமா? கூடாது, நேயர்களே. இது மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் மருந்து என்று சொன்னேன். அதாவது, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. வாய்ப்புண் வரும்; காயம் ஆறத் தாமதமாகும்; இரத்தத்தில் கொழுப்பும் சீனியும் ஏறலாம்; தொற்று எளிதில் பற்றலாம். சிறிய அளவில், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மருந்தை முதியவர்களுக்குக் கொடுத்தபோது சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு அவர்கள் உடல் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகப் பலன் காட்டியதாக 2014இல் ஓர் ஆய்வு கூறியது. மகிழ்ச்சி. ஆனால் எம்-டாரைக் குறிவைத்த இன்னொரு மருந்து, முதியவர்களின் சுவாச நோயைக் குறைக்குமா என்று பெரிய அளவில் சோதிக்கப்பட்டபோது, 2019இல் தோல்வி கண்டது. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது.

ஆனால் ஒன்று. ராபாமைசின் ஏற்கனவே நம்மில் சிலருடைய இதயத்துக்குள் இருந்து வேலை செய்திருக்கிறது. இதயக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலை வைக்கிறார்களல்லவா? அந்த வலைமீது தசை வளர்ந்து மீண்டும் அடைத்துக்கொள்ளாதிருக்க, அதன்மேல் மருந்து பூசுவார்கள். 2002, 2003ஆம் ஆண்டுகளில் முதன்முதலாக வந்த மருந்து பூசிய ஸ்டென்டில் பூசப்பட்டது ராபாமைசின்தான். ஈஸ்டர் தீவின் மண், இதயத்தின் வாசலில்.

அடுத்த பூட்டு, அம்மாவின் காலை மாத்திரையோடு தொடர்புடையது. மெட்ஃபார்மின். இனிப்பு நீர் உள்ளவர்களின் வீடுகளில் இதை அறியாதார் இல்லை. ஐரோப்பாவில் ஆடு மாடுகளுக்குத் தீனியாகப் போட்ட கலேகா என்னும் செடியின் சத்திலிருந்து தொடங்குகிறது இதன் வரலாறு. அச்செடியிலுள்ள பொருளின் உறவான மெட்ஃபார்மினை 1922இல் டப்ளினில் தயாரித்தார்கள். 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார். உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் உலைகளை இம்மருந்து சற்றே மந்தப்படுத்துகிறது. சக்தி குறைந்ததும் ஏ.எம்.பி.கே. என்னும் புரதம் விழித்துக்கொள்கிறது. இதை உயிரணுவின் எண்ணெய் அளவுமானி எனலாம். எண்ணெய் குறைவு என்றதும் அது செலவைக் குறைக்கும். சேமித்த கொழுப்பை எரிக்கச் சொல்லும். எம்-டார் மண்டோரையும் அடக்கி வைக்கும். மெட்ஃபார்மின் இந்தப் புரதத்தைத் தூண்டுவது 2001இல் தெரியவந்தது.

எனவே, மெட்ஃபார்மின் மற்ற முதுமை நோய்களையும் தள்ளிப்போடுமா என்ற கேள்வி எழுந்தது. அதைக் கண்டறிய 65 முதல் 79 வயது வரையிலான 3,000 பேரிடம் ஆறு ஆண்டு சோதனை நடத்த அமெரிக்காவில் திட்டம் வகுத்தார்கள். காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரைக்குப் பணம் போட முன்வருவோர் குறைவு. எலிகளிடம் அது தனியாகக் கொடுக்கப்பட்டபோது ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பூட்டு, ஓய்வுபெற்றும் வீட்டைக் காலி செய்யாத உயிரணுக்கள். 1961இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் லெனர்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், மனித உயிரணுக்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்த பிறகு பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று கண்டார்கள். பிரியாத இந்த முதிய உயிரணுக்கள் சாவதும் இல்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்கின்றன. ஒரு மங்குப் பாலில் சிறிது புளிப்பு விழுந்தால் முழுவதும் திரிந்துவிடுவது போல. 2011இல் இத்தகைய உயிரணுக்களை நீக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்குக் கண்புரையும் தசைத் தளர்ச்சியும் தாமதமாயின. 2015இல், இரத்தப் புற்றுநோய்க்கான டாசாட்டினிப் என்ற மருந்தையும், வெங்காயம் போன்றவற்றிலுள்ள குவெர்செட்டின் என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்தால் எலிகளிடம் இவை குறைவதாகக் கண்டார்கள். மனிதரிடம் நடந்த முதல் சிறு சோதனை 2019இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள், நுரையீரல் தழும்பு நோய் கொண்ட 14 பேர் மட்டுமே. வெங்காயம் நிறையத் தின்றால் இந்தப் பலன் வந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். அதுமட்டுமன்று, காயம் ஆறுவதற்கு இந்த முதிய உயிரணுக்களின் உதவியும் ஓரளவு தேவைப்படுகிறது. எதையும் அடியோடு அழிப்பது அறிவுடைமை ஆகாது.

நான்காவது பூட்டு, அந்த அழற்சியே. வெளியில் தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தணல் அது. இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் புரதம் அந்தத் தணலை ஊதிவிடுகிறது. அதைக் கட்டும் ஊசிமருந்தை, முன்பு மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவின்படி, 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மறு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. கொழுப்பைத் தொடாமலே கிடைத்த பலன் அது. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுநோய்கள் சற்றுக் கூடின. மொத்த இறப்பு குறையவில்லை.

இந்த இடத்தில் தமிழர்க்கு நெருக்கமான ஒரு மலரைச் சொல்லாமல் இருக்க முடியாது. செங்காந்தள். கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் பொருள் உண்டு. கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மருந்து அது. அரை மில்லிகிராம் அளவில் அழற்சியைத் தணித்து மாரடைப்பைக் குறைக்கும் என்று 2019, 2020ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. 2023இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. 2024இல் வந்த மற்றொரு பெரிய ஆய்வு அத்தகைய பலனைக் காட்டவில்லை. அறிவியல் இப்படித்தான் முன்னும் பின்னுமாக நடக்கும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. அதை உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இருப்பது அளவு ஒன்றுதான்.

நேயர்களே, தொடக்கத்தில் ஒரு காரணத்தைச் சொல்வதாகக் கூறினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் ஒருவர் வந்து கூட்டம் போட்டார். திரையில் உயிரணுப் படங்கள். வாயில் நான் இன்று சொன்ன அதே சொற்கள்: மூலக்கூறு, முதுமை, அழற்சி. ஒரே மாத்திரையில் இளமை திரும்பும், மற்ற மாத்திரைகளெல்லாம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். ஒரு புட்டியின் விலை ஒரு மாத மளிகைச் செலவு. அம்மா தம் சேமிப்பிலிருந்து வாங்கினார். சுகாதார நிலையத்து மாத்திரைகளை நிறுத்தினார். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டியில் மாத்திரை இருந்தது. அது குறைகிறதா என்று நான் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்துக் கால்விரலில் ஒரு புண். செருப்பு கடித்தது என்றார். மருத்துவமனைக்குப் போனபோது விரலைக் காப்பாற்ற முடியவில்லை. முப்பது ஆண்டு அதிகாலை இருட்டில் மரத்துக்கு மரம் நடந்த கால் அது. அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர் வீட்டில் இது நடந்தது.

அந்த மனிதர் சொன்ன சொற்கள் பொய்யான சொற்கள் அல்ல. அவற்றை எந்தச் சோதனையோடும் சேர்க்காமல் சொன்னதுதான் பொய். அதனால்தான் இன்று ஒவ்வொரு மருந்துக்கும் ஆண்டையும், எண்ணிக்கையையும், தோல்வியையும் சேர்த்துச் சொன்னேன். இனி யாராவது உங்களிடம் முதுமைக்கு மருந்து என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எலியிடம் சோதிக்கப்பட்டதா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எத்தனை காலம்? தீங்கு என்ன? தீங்கே இல்லை என்று விடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிறுநீரகம் பற்றிய அச்சத்துக்கும் விடை சொல்கிறேன். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கனவே நலிந்திருந்தால் அம்மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால், மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அந்த முடிவு இரத்தப் பரிசோதனையைப் பார்த்து எடுப்பது. அண்டைவீட்டார் சொல்லி எடுப்பதன்று. சிறுநீரகத்தை உண்மையில் கெடுப்பவை, அடங்காத சீனியும் அடங்காத இரத்தக் கொதிப்புமே.

இனி, நம் கையிலுள்ள சாவி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஏ.எம்.பி.கே. என்ற அளவுமானியைப் பற்றிச் சொன்னேனல்லவா? அதைத் தூண்ட இன்னொரு வழி உண்டு. தசை உழைத்தால் அது தானே விழிக்கும். நடந்தாலே போதும். அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. மெட்ஃபார்மின் உண்டவர்களிடம் நீரிழிவு 31 விழுக்காடு குறைந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் நடந்து, உணவைக் கட்டுப்படுத்தி, எடையைக் குறைத்தவர்களிடம் 58 விழுக்காடு குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் அந்தப் பலன் இன்னும் அதிகம். அது வெள்ளைக்காரர் உடலுக்குத்தானே என்பீர்களானால், சென்னையில் 531 பேரிடம் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. அங்கேயும் நடையும் உணவுக் கட்டுப்பாடும் 28.5 விழுக்காடு குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடு. நம்மவர் உடலில் பலன் சிறிது குறைவு. ஆனால் நடை மாத்திரைக்குத் தோற்கவில்லை. ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கு நடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

வயதுக்கு ஒரே மாத்திரை இல்லையா என்று கேட்ட அம்மாவுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தேடுறாங்கம்மா. பூட்டு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. சாவியை இன்னும் அராவிக்கிட்டு இருக்காங்க. அது வர்ற வரைக்கும் இருக்கிற சாவியைத் தொலைக்காம வச்சிக்குவோம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கினார். பிறகு எழுந்து, விரல் போன காலுக்கென்று வாங்கிய மெத்தென்ற காலணியை மாட்டிக்கொண்டு, செம்பனை ஓரத்துச் சாலையில் என்னோடு நடக்க வந்தார். இப்போதெல்லாம் மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்புகிறோம். எண்ணுவது நான், சரிபார்ப்பது அவர்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியை இன்று மாலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஏன் சாப்பிடவில்லை என்று அதட்ட வேண்டாம். எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேளுங்கள்.